பெயருக்கு 63 பைற்று

(நூற்றாண்டு நிறைவுப் பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர் இடாப்புக் குழுவினர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் எங்கள் பெயருக்கு நேரே "அங்கத்தவர் இடாப்பு கணினிமயமாக்கல் - அறிக்கை" என்று அச்சிட்டிருக்கிறது. அறிக்கை சிறியது. இடாப்பு முடிந்துவிட்டது. சேர்வு இடாப்புகள், விடுதிப் பதிவுகள், முந்திய மலர்கள், நீங்கள் அனுப்பிவைத்த வகுப்புப் படங்களின் பின்பக்கக் குறிப்புகள் எல்லாவற்றையும் பார்த்து, கிடைத்த பெயர்கள் யாவற்றையும் ஏற்றியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்குரிய இடாப்புகள் இல்லை. ஏன் இல்லை என்பதை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் தயவுசெய்து வாசலில் இருக்கும் மேசையில் உங்கள் வகுப்புத் தோழிகளின் பெயர்களை எழுதிவிட்டுப் போங்கள்.

அறிக்கை அவ்வளவுதான். மிகுதி நேரத்தை எங்களுடைய ஒரு பிழையைச் சொல்வதற்குப் பயன்படுத்த அனுமதி கேட்டோம். செயற்குழுவில் ஒருவர், "விழா நாளில் அது எதற்கு?" என்று கேட்டார். கேட்டது நியாயம். ஆனால் அந்தப் பிழையால் உங்களில் சிலருக்கு ஒரு கடிதம் வந்தது. வந்தவர்களுக்கு ஏன் வந்தது என்று அறியும் உரிமை இருக்கிறது.

ஓர் இரவு பதினொரு மணிக்கு எங்களில் ஒருத்திக்கு லண்டனிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் எங்கள் மூவருக்கும் கணிதம் படிப்பித்த ரீச்சர்.

"பிள்ளை, நான் நூற்றாண்டு நிதிக்கு ஐம்பது பவுண் அனுப்பினனான். இப்ப ஒரு கடிதம் வந்திருக்கு. உங்கள் 50 ரூபா கிடைத்தது, மிகுதி 950 ரூபாவை விரைவில் அனுப்பி உதவவும் எண்டு போட்டிருக்கிறியள். இது என்ன பகிடியோ?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து அனுப்பிய காசு அது என்று எங்களுக்குத் தெரியும். பிழை நேர்ந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் ரீச்சர் என்றோம். "விடை பிழைச்சாப் பரவாயில்லை. செய்கையைக் காட்டுங்கோ" என்றார். வகுப்பில் எத்தனை தரம் கேட்ட வசனம்! ஆகவே இந்த உரையை ரீச்சருக்குக் காட்டும் செய்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கணினி படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். படிக்காதவர்களை மனதில் வைத்தே பேசுகிறோம்.

நாங்கள் பயன்படுத்தியது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். இலவசமானது, நம்பகமானது, உலகமெங்கும் பெரிய நிறுவனங்களும் பயன்படுத்துவது. தரவுத்தளம் என்றால் பல அட்டவணைகள் கொண்ட ஓர் அலுமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டவணைக்கும் நாங்கள்தான் பெயர் வைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் ஆங்கிலத்தில் வைப்பார்கள். எங்களுக்கு ஒரு பிடிவாதம். நூறு ஆண்டுகளாகத் தமிழில் எழுதிவந்த இடாப்பு, கணினிக்குள் போனதும் ஏன் ஆங்கிலம் பேச வேண்டும்? பின்னால் வரும் பிள்ளைகள் திறந்து பார்த்தால் விளங்க வேண்டும் அல்லவா? போஸ்ட்கிரெஸ் தமிழ்ப் பெயரைத் தடையின்றி ஏற்கும். ஆகவே சந்தாப் பணத்துக்கு மூன்று அட்டவணைகள் அமைத்தோம். அவற்றின் பெயர்கள்:

பழைய_மாணவிகள்_சந்தாப்பணம்_இலங்கை
பழைய_மாணவிகள்_சந்தாப்பணம்_பிரித்தானியா
பழைய_மாணவிகள்_சந்தாப்பணம்_கனடா

மூன்றிலும் ஒரே நிரல்கள்: அங்கத்துவ இலக்கம், திகதி, தொகை. எந்த நாணயம் என்று தனியாக எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும், அட்டவணையின் பெயரே சொல்கிறதே என்று நினைத்தோம். இலங்கை என்றால் ரூபா, பிரித்தானியா என்றால் பவுண், கனடா என்றால் டொலர். இங்கேதான் முதற் கோணல். அதற்குப் பிறகு வருகிறோம்.

போஸ்ட்கிரெஸ் ஒரு பெயருக்குத் தரும் இடம் 63 பைற்று. அதற்கு மேல் போனால் வாலை வெட்டிவிடும். எங்கள் மூன்று பெயர்களும் அந்த எல்லையைத் தாண்டியவை. வெட்டிய பின் மூன்றும் எப்படி இருந்தன தெரியுமா?

பழைய_மாணவிகள்_சந்தாப்ப
பழைய_மாணவிகள்_சந்தாப்ப
பழைய_மாணவிகள்_சந்தாப்ப

இலங்கை, பிரித்தானியா, கனடா மூன்றும் போய்விட்டன. சாதாரணமாக இதே பெயரில் இரண்டாவது அட்டவணை அமைக்கப் போனால் "இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது" என்று மறுத்திருக்கும். நாங்கள் கெட்டித்தனமாக, "இல்லாவிட்டால் மட்டும் அமைக்கவும்" என்று கட்டளை எழுதியிருந்தோம். அது பணிவாக, இருக்கிறதே என்று பேசாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. அதன்பின் லண்டன் கிளையின் பட்டியலைப் பிரித்தானிய அட்டவணைக்கு ஏற்றும்போதும் அந்த நீளமான பெயர் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, அதே ஒற்றை அட்டவணைக்குள் போய் விழுந்தது. நிரல்கள் ஒன்றாக இருந்ததால் எதுவும் முட்டுப்படவில்லை. ரூபாவும் பவுணும் டொலரும் ஒரே உண்டியலில். இலங்கைச் சந்தா 1000 ரூபா. ஆயிரத்துக்குக் குறைவாகக் கட்டியவர்கள் யார் என்று "இலங்கை" அட்டவணையைக் கேட்டோம். 50 கட்டிய ரீச்சரின் பெயரும் வந்தது. மிகுதி கேட்டுக் கடிதமும் போனது.

கணினி எச்சரிக்கவில்லையா என்று கேட்பீர்கள். எச்சரித்தது. ஒவ்வொரு தடவையும், "இந்தப் பெயர் இப்படிச் சுருக்கப்படும்" என்று ஓர் அறிவித்தல் வரி திரையில் போனது. பிழை என்று சொல்லவில்லை, வேலையை நிறுத்தவும் இல்லை, அறிவித்தல் மட்டும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதுவும் ஓடிப் போய்விட்டது. பாடசாலை அறிவித்தற் பலகையை நாங்கள் எவ்வளவு கவனமாக வாசித்தோம் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, ஏன் இந்த 63? காகிதத்தில் ஓர் ஓரம் முடிவதுபோல இது தானாக வந்த எல்லை அல்ல. ஒருவர் யோசித்து வைத்த எல்லை. அந்த யோசனை மோசமானதல்ல என்பதைச் சொல்லவே இவ்வளவு நேரம் கேட்டோம்.

தரவுத்தளத்துக்குள் நாங்கள் வைக்கும் அட்டவணைகளைத் தவிர, அது தனக்காக வைத்திருக்கும் சில அட்டவணைகளும் உண்டு. என்னென்ன அட்டவணைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்னென்ன நிரல்கள், அவை எங்கே கிடக்கின்றன, யார் திறக்கலாம் என்ற விபரங்கள் அவற்றில் இருக்கும். பாடசாலை அலுவலகத்தில் எந்தப் பதிவேடு எந்த அலுமாரியில் என்று எழுதிவைக்கும் ஒரு கொப்பி இருக்குமே, அதுபோல. ஆங்கிலத்தில் சிஸ்ரம் கற்றலொக் என்பார்கள். நாங்கள் உள்பட்டியல் என்று சொல்கிறோம். நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் கணினி முதலில் இந்த உள்பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போகும். எனவே அதை வாசிப்பது மிக விரைவாக இருக்க வேண்டும். வாசிக்கும் செய்நிரலும் எளிதாக இருக்க வேண்டும்.

வரவு இடாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு ஒரே அகலத்தில் ஒரு நிரல், அதன்பின் திகதிக் கட்டங்கள். வகுப்பாசிரியை பெயரை வாசிக்காமலேயே, விரலைக் கீழே இழுத்து, பன்னிரண்டாந் திகதிக் கட்டத்தில் நேரே புள்ளடி போடுவார். ஒவ்வொரு பெயருக்கும் அதன் நீளத்துக்கு ஏற்ப இடம் விட்டிருந்தால்? ஒவ்வொரு நிரையிலும் பன்னிரண்டாந் திகதி வேறு வேறு இடத்தில் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் பெயர் எங்கே முடிகிறது என்று தேடி, அங்கிருந்து எண்ண வேண்டும்.

போஸ்ட்கிரெஸின் உள்பட்டியலும் அப்படி வரைந்த இடாப்புத்தான். அட்டவணைகளைப் பதியும் பட்டியலின் ஒவ்வொரு நிரையிலும் முதல் 4 பைற்று ஓர் இலக்கம். அடுத்த 64 பைற்று பெயர். அதற்கடுத்த விபரம் 68ஆம் இடத்தில் தொடங்கும், எப்போதும். பெயர் ஓரெழுத்தானாலும் 64, நிறைந்தாலும் 64. அந்த 64இல் ஒன்று, பெயர் முடிந்தது என்று காட்டும் வெற்றுப் பைற்றுக்கு. மிகுதி 63 எங்களுக்கு. மென்பொருள் எழுதியிருப்பது சி மொழியில். வட்டில் இருக்கும் நிரையின் முற்பகுதியை அப்படியே நினைவகத்தில் எடுத்து, அந்த மொழியின் ஓர் அச்சை மேலே வைத்தாற்போல் வாசித்துவிடலாம். எங்கே முடிகிறது என்று தேடத் தேவையில்லை. நீளம் மாறக்கூடிய விபரங்களையெல்லாம் நிரையின் கடைசியில் தள்ளிவிட்டார்கள்.

இதற்கு விலை உண்டு. ஒரு நிரலுக்கு இரண்டெழுத்தில் பெயர் வைத்தாலும் அதற்கு 64 பைற்று ஒதுக்கியாக வேண்டும். நூறு அட்டவணை, ஒவ்வொன்றிலும் இருபது நிரல் என்றால் 2000 பெயர், 1,28,000 பைற்று. இன்று ஒரு கைத்தொலைபேசிப் படத்தின் மூலையில் அடங்கிவிடும் அளவு. போஸ்ட்கிரெஸ் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில், மைக்கேல் ஸ்ரோன்பிறேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கிய முயற்சி. அன்றைய நினைவகத்துக்கு அது அற்பமல்ல. ஆகவே பெயர் நீளமாக இருந்தால் இடம் வீண், குறுகினால் மனிதருக்குச் சிரமம் என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தார்கள். அந்தக் கோடு பின்னர் நகர்ந்தது: 2002இல் வெளியான 7.3ஆம் பதிப்பில் 31 பைற்று 63 ஆனது. பழைய கணக்கில் எங்கள் பெயர் "பழைய_மாணவிக" என்று நின்றிருக்கும். ஒரு மாணவியைக்கூட முழுமையாகச் சேர்த்திருக்க முடியாது!

இந்தப் பழக்கம் போஸ்ட்கிரெஸ் கண்டுபிடித்ததும் அல்ல. 1957இல் வந்த போர்ட்ரான் மொழியில் பெயருக்கு ஆறு எழுத்துத்தான். ஐபிஎம் 704 கணினியின் ஒரு சொல் 36 பிற்று. எழுத்துக்கு ஆறு பிற்று வீதம் சரியாக ஆறு எழுத்து அதில் அடங்கும். பழைய யுனிக்ஸில் கோப்பின் பெயர் 14 எழுத்து. அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் பட்டியலில் 16 பைற்றுக் கட்டம். இரண்டு பைற்று இலக்கத்துக்கு, மிகுதி பெயருக்கு. டொஸ் காலத்தில் எட்டும் மூன்றும் எழுத்தில் கோப்புகளுக்குப் பெயர் வைத்துத் தலையைப் பிய்த்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். அதுவும் 32 பைற்றுக் கட்டத்தில் 11 பைற்றுப் பெயர் என்ற கணக்குத்தான். எங்கெங்கே பெயருக்கு வினோதமான ஓர் எல்லை இருக்கிறதோ, அங்கே பெரும்பாலும் ஒரே அளவில் வெட்டிய கட்டம் ஒன்று இருக்கும்.

யுனிக்ஸ் அந்த 14ஐ உதறியதும் பேர்க்லியில்தான். 1983இல் வெளியான அவர்களது 4.2 பதிப்பில், கோப்புப் பட்டியலின் கட்டங்களை நீளம் மாறக்கூடியவையாக ஆக்கி, 255 வரை பெயர் வைக்க விட்டார்கள். மூன்று வருடம் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் ஒரே அளவுக் கட்டத்தோடு புறப்பட்டது. யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு வேலைக்கும் இரண்டு தேவை. ஆனால் "வேறு வழியே இல்லை" என்று எவரும் சொல்ல முடியாது என்பதற்காகச் சொன்னோம்.

இனி எங்கள் எழுத்துக்கு வருவோம்.

63 பைற்று என்றோம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது 63 எழுத்து. எங்களுக்கு? உலக எழுத்துகளுக்கெல்லாம் இலக்கம் கொடுக்கும் யுனிகோட்டில் தமிழ் 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. அந்த இலக்கங்களைப் பைற்றுகளாக எழுதிவைக்கும் முறை யுரிஎவ்-8. அதை 1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் ஒரு நியூ ஜேர்சி உணவகத்தில், மேசைமேல் விரித்த தாளில் வரைந்ததாகப் பைக் பின்னர் எழுதியிருக்கிறார். அருமையான ஏற்பாடு, இன்று உலகம் முழுவதும் அதில்தான் எழுதுகிறது. அதன்படி ஆங்கில எழுத்து ஒரு பைற்று. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று.

எழுத்து என்னாமல் குறி என்றதற்குக் காரணம் உண்டு. யுனிகோட்டில் "க" ஒரு குறி. "கி" இரண்டு குறி: ககரமும் அதன் விசிறியும். "க்" உம் இரண்டு: ககரமும் புள்ளியும். ரீச்சரிடம் இதைச் சொன்னபோது உடனே ஒரு கணக்குப் போட்டார். 247 எழுத்தில் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18, ஆக 31 எழுத்துக்கு மூன்று பைற்று. மெய் 18, மற்றைய உயிர்மெய் 198, ஆக 216 எழுத்துக்கு ஆறு பைற்று. "அப்ப எங்கடை பிள்ளையளுக்குக் கூடினால் இருபத்தொரு எழுத்து, குறைஞ்சால் பத்து" என்றார். சரியாக அதுதான். அதே மேசை, அதே கட்டம். ஆங்கிலத்தில் எழுதுபவர் 63 எழுத்தில் ஒரு வசனமே எழுதலாம், தமிழில் எழுதுபவர் இரண்டரைச் சொல்லில் நிற்க வேண்டும்.

எங்கள் பெயரைக் கணக்கிட்டுப் பாருங்கள். "பழைய" நான்கு குறி, 12 பைற்று. அடிக்கோடு 1. "மாணவிகள்" எட்டுக் குறி, 24. இன்னோர் அடிக்கோடு. இதற்கே 38 முடிந்துவிட்டது. மிகுதி 25. அதில் "சந்தாப்ப" என்ற எட்டுக் குறி 24ஐ எடுத்துக்கொண்டது. மிஞ்சியது ஒரு பைற்று. ணகரத்துக்கு மூன்று வேண்டும். ஒரு குறியை நடுவிலே கிழித்துக் குப்பையாக்காமல், அதற்கு முன்பே நிறுத்தும் மரியாதை போஸ்ட்கிரெஸுக்கு இருக்கிறது. அதனால் 62 பைற்றோடு நின்றது. ஆனால் குறியைத்தான் கிழிக்காது. எழுத்தைக் கிழிக்கும். தமிழ்நாட்டு வழக்கில் "முன்னாள்மாணவிகள்சங்கம்" என்று ஒட்டி எழுதிப் பார்த்தோம். 22 குறி, 66 பைற்று. வெட்டியபின் கிடைத்தது "முன்னாள்மாணவிகள்சங்கம". மகரத்தின் தலையிலிருந்த புள்ளி மட்டும் போய்விட்டது. அதைத் திரையில் பார்த்த எங்களில் ஒருத்தி, தமிழ் ரீச்சர் இருந்தால் மேசையில் தட்டியிருப்பார் என்றாள்.

மற்றவர்கள் எப்படி என்று தேடினோம். மைஎஸ்கியூஎல் பைற்றை எண்ணாமல் குறியை எண்ணுகிறது: அட்டவணைப் பெயருக்கு 64 குறி, எந்த மொழியானாலும். மைக்ரோசொப்ரின் எஸ்.கியூ.எல். சேவரில் 128, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் குறி ஒன்றுக்கு ஒரே அளவு இடம். ஒராக்கிளில் நீண்ட காலம் 30 பைற்றுத்தான் இருந்தது, 12.2ஆம் பதிப்பில் 128 ஆக்கினார்கள். அங்கும் எண்ணுவது பைற்றைத்தான். ஆனால் நீளம் கூடினால் ஒராக்கிள் வெட்டாது, முடியாது என்று மறுத்துவிடும். மறுத்திருந்தால் எங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும், ரீச்சருக்குக் கடிதம் போயிராது. எஸ்.கியூ.எல். நியமமே 1986இல் 18 எழுத்து என்று தொடங்கி 1992இல் 128க்கு வந்துவிட்டது.

எங்கள் அபிப்பிராயம் இதுதான். ஒரே அளவுக் கட்டம் வைத்ததில் குறையில்லை. அந்த எளிமையால்தான் இந்த மென்பொருள் இத்தனை வருடம் விழாமல் ஓடுகிறது. பைற்றை எண்ணியதையும் விளங்கிக்கொள்ளலாம், கட்டம் பைற்றால் ஆனது. ஆனால் அடங்காத பெயரைச் சுருக்கிவிட்டு வேலையைத் தொடர்வது எங்களுக்கு உடன்பாடில்லை. இடாப்பில் பெயர் அடங்காவிட்டால் வகுப்பாசிரியை பிள்ளையைக் கூப்பிட்டு எப்படிச் சுருக்குவது என்று கேட்பார். தானாக வெட்டி, அதே பெயருள்ள இன்னொரு பிள்ளையின் வரியில் வரவு போடமாட்டார்.

கட்டத்தைப் பெரிதாக்க முடியாதா? முடியும். மூலநிரலில் ஓர் இலக்கத்தை மாற்றி, மென்பொருளை மீண்டும் தொகுத்து, தரவுத்தளத்தைப் புதிதாக அமைக்க வேண்டும். அந்த யோசனை எங்களுக்கும் வந்தது. கனடாவிலிருக்கும் எங்கள் அங்கத்தவர் தடுத்தார். "நாளைக்கு நாங்கள் இல்லாத நேரம் வேறை ஒரு பிள்ளை சாதாரணப் பதிப்பைப் போட்டால், எல்லாம் திருப்பி வெட்டுப்படும்" என்றார். சரியான பேச்சு. இடாப்பு எங்களுக்குப் பின்னும் ஓட வேண்டும்.

எனவே பெயர்களைச் சுருக்கினோம். இப்போது அட்டவணையின் பெயர் "சந்தா" மட்டும். ஒன்பது வருடம் வங்கியில் வேலை செய்தவள் எங்களில் ஒருத்தி. அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. நாடும் நாணயமும் பெயரில் இருக்க வேண்டியவை அல்ல, தமக்கென்று நிரல் வேண்டியவை. அதை முதல் நாளே செய்திருந்தால் எத்தனை பைற்று வெட்டினாலும் பவுண் பவுணாகவே இருந்திருக்கும். ஆகவே இந்தப் பிழையில் பாதிக்கு மேல் எங்களுடையது.

நீளமாகச் சொல்ல வேண்டியதற்கும் ஓர் இடம் கிடைத்தது. ஒவ்வோர் அட்டவணைக்கும் நிரலுக்கும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதிவைக்கலாம். அது உள்பட்டியலில் வேறோர் இடத்தில், நீளம் மாறக்கூடிய எழுத்தாகச் சேமிக்கப்படுகிறது. அங்கே 63 என்ற கணக்கு இல்லை. "பழைய மாணவிகள் செலுத்திய சந்தாப் பணம்; தொகை எந்த நாணயத்தில் என்பதை நாணயம் என்ற நிரலில் பார்க்கவும்" என்று புள்ளி குறையாமல் எழுதியிருக்கிறோம்.

விடுதியில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. உடுப்புத் தோய்க்கக் கொடுக்கும்போது பெயரா தைத்தோம்? இலக்கம்தான் தைத்தோம். இந்த மென்பொருளும் உள்ளுக்குள் அட்டவணைகளை இலக்கத்தால்தான் அறியும். முதல் 4 பைற்று என்றோமே, அதுதான். பெயர் அதற்குத் தேவையே இல்லை, நமக்காக வைத்திருக்கிறது.

கடிதம் போன பிறகு உங்களில் பலர் பதறிக் கேட்டீர்கள்: எங்கள் பெயரும் வெட்டுப்பட்டுவிட்டதா என்று. இல்லை. 63 பைற்று அட்டவணைக்கும் நிரலுக்கும் வைக்கும் பெயருக்குத்தான். அட்டவணைக்குள்ளே எழுதும் உங்கள் பெயருக்கு அந்த எல்லை கிடையாது. தந்தையின் பெயர், உங்கள் பெயர், மணமுடித்தபின் சேர்ந்த பெயர் எல்லாம் முழுமையாக இருக்கின்றன. சேர்வு இடாப்பில் முதலெழுத்தோடு மட்டும் பதியப்பட்டவர்கள் முழுப் பெயரைத் தந்தால் அதையும் சேர்ப்போம்.

கலந்துபோன பணத்தைப் பிரித்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கத்துவ இலக்கத்தைக் கொண்டு யார் எந்தக் கிளை என்று அறியலாம் என்று முதலில் நினைத்தோம். ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது கையோடு ரூபாவாகக் கட்டிய லண்டன்காரரும் இருந்தார்கள். கனடாவில் மகளிடம் தங்கியிருந்தபடி டொலரில் கட்டிய உள்ளூர்காரரும் இருந்தார்கள். கடைசியில் பொருளாளரின் பற்றுச்சீட்டுப் புத்தகங்களையும் வங்கிக் கூற்றுகளையும் பரப்பிவைத்து, இரண்டு இரவு விழித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கணக்கு இப்போது சதம் பிசகாமல் சரி. கடிதம் கிடைத்தவர்கள் அனைவருக்கும் மன்னிப்புக் கடிதமும் சரியான பற்றுச்சீட்டும் அனுப்பியிருக்கிறோம். இன்னும் கிடைக்காதவர்கள் வாசல் மேசையில் சொல்லுங்கள். கோபமில்லாமல், கேட்ட 950 ரூபாவையும் கட்டிவிட்ட இரண்டு பேர் இருக்கிறீர்கள். அந்தப் பணம் உங்களுக்குத் திரும்ப வரும், வேண்டாமென்றால் நூலக நிதிக்குப் போகும்.

ரீச்சர் தமக்கு வந்த கடிதத்தைக் கிழித்தெறியவில்லை. போன மாதம் அதைத் தபாலில் எங்களுக்கே திருப்பி அனுப்பியிருந்தார். "உங்கள் 50 ரூபா கிடைத்தது" என்ற வரியில், ரூபா என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் எங்கள் அப்பியாசக் கொப்பிகளில் எழுதும் அதே சாய்ந்த கையெழுத்தில், "அலகு?" என்று எழுதியிருக்கிறார். கீழே பத்துக்கு நான்கு புள்ளி. செய்கைக்கு மட்டும்.